பூச்சி கடக்கும் எல்லைகளும் பயிரைக் காக்கும் சட்டங்களும்

நாட்டில் இல்லாத பூச்சியோ பூஞ்சையோ வைரஸோ புதிதாக நுழையாமல் தடுப்பது, நுழைந்துவிட்டால் பரவவிடாமல் மடக்குவது, நிலைத்துவிட்டதைக் கட்டுக்குள் வைப்பது: தாவர நலம் என்பதற்குள் இந்த மூன்று வேலைகளும் அடங்கும். இந்தியாவில் இவை மூன்றும் ஒரே துறையின் கையில் இல்லை. துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் மத்திய அரசு நிற்கிறது. வயலில் மாநில வேளாண் துறை நிற்கிறது. பூச்சி இன்னதென்று அடையாளம் காண்பது ஆராய்ச்சி நிறுவனங்களின் வேலை. எந்த மருந்தை அடிக்கலாம் என்று சொல்வது இன்னொரு வாரியம். விளைச்சலில் மருந்து எவ்வளவு எஞ்சியிருக்கலாம் என்று வரையறுப்பதோ சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையம்.

உலகில் விளையும் பயிர்களில் ஆண்டுதோறும் 40 விழுக்காடு வரை பூச்சியாலும் நோயாலும் இழக்கப்படுவதாக ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு கணக்கிடுகிறது. இந்த இழப்பைத் தடுக்கச் சட்டங்கள் இல்லாமல் இல்லை. ஒரு சட்டத்தின் அதிகாரம் முடியும் இடத்துக்கும் அடுத்த சட்டத்தின் அதிகாரம் தொடங்கும் இடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் பூச்சி பெருகுகிறது.

சட்டங்கள் பிறந்த வரலாறு

பயிர் நோய் கடல் கடந்து வரும் என்ற பாடத்தை உலகம் பட்டுத்தான் கற்றது. 1869-இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலைத் துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அங்கே காப்பித் தொழில் சரிந்து, அந்த மலைகளில் தேயிலை ஏறியது. அதே காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்சரா என்னும் வேர்ப்பேன் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அதைத் தடுக்க ஐரோப்பிய நாடுகள் சில 1878-இல் பெர்ன் நகரில் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. பயிர் நலத்துக்காக நாடுகள் கைகோத்த முதல் பெரிய முயற்சி அது.

இந்தியாவில் முதல் தடை பருத்திக்காக வந்தது. மெக்சிகோ காய்க்கூன் வண்டு நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக, இறக்குமதியாகும் பருத்தியைப் புகைமூட்டிப் பூச்சி நீக்க வேண்டும் என்று 1906-இல் அரசு ஆணையிட்டது. அப்போது தனிச் சட்டம் இல்லாததால், சுங்கச் சட்டத்தின் கீழேயே அந்த ஆணை பிறந்தது. 1914-இல் அழிவு செய்யும் பூச்சிகள், பீடைகள் சட்டம் நிறைவேறியது. இரண்டு மூன்று பக்கங்களுக்குள் அடங்கிவிடும் அந்தச் சிறிய சட்டம்தான் நூறாண்டு கடந்தும் இந்தியாவின் தாவரத் தனிமைப்படுத்தலுக்கு அடிப்படையாக நிற்கிறது.

ஐந்தாண்டுகள் கழித்து, 1919-இல், சென்னை மாகாணம் தனக்கென ஒரு பயிர்ப் பூச்சி, நோய்ச் சட்டத்தை இயற்றியது. மாகாண அளவில் இந்தியாவில் வந்த முதல் சட்டம் இதுவே. ஒரு பூச்சியையும் ஒரு பகுதியையும் அரசு அறிவிக்கை செய்யும். அந்தப் பகுதியில் நிலம் வைத்திருப்பவர் சொன்ன நடவடிக்கையைச் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் அதிகாரிகளே வயலில் இறங்கிச் செய்து முடித்துச் செலவை அவரிடம் வசூலிக்கலாம். கோயம்புத்தூர் வட்டாரத்தில் அறுவடை முடிந்த பருத்திமாரைக் குறித்த நாளுக்குள் பிடுங்கிவிட வேண்டும் என்ற கட்டாயம் இந்தச் சட்டத்தின் பலத்தில்தான் வந்தது. ஒரே ஒரு வயலில் பருத்திமார் நின்றாலும் சுற்றியுள்ள வயல்களுக்கெல்லாம் அடுத்த பருவத்துப் புழு அங்கிருந்தே கிளம்பும். பயிர் நலத்தில் ஒருவரின் அசட்டை ஊரையே பாதிக்கும் என்பதை அந்தச் சட்டம் சரியாகப் புரிந்துகொண்டிருந்தது.

1946-இல் மத்திய அரசின் தாவரப் பாதுகாப்பு, தனிமைப்படுத்தல், சேமிப்பு இயக்குநரகம் உருவானது. 1951-இல் உணவு, வேளாண் அமைப்பின் கீழ் சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை ஏற்கப்பட்டு, மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு தேசியத் தாவரப் பாதுகாப்பு அமைப்பை வைத்திருக்க வேண்டும் என்பது அதன் மையமான விதி. இந்தியாவுக்கு அந்த இயக்குநரகமே அந்த அமைப்பு. 1995-இல் உலக வர்த்தக நிறுவனத்தின் ஒப்பந்தம் இன்னொரு நிபந்தனையைச் சேர்த்தது: பூச்சியைக் காரணம் காட்டி ஒரு நாட்டின் சரக்கைத் தடுப்பதானால், அதற்கு அறிவியல் ஆதாரம் காட்ட வேண்டும்.

மூன்று பட்டியல்கள்

துறைகள் ஏன் இப்படிப் பிரிந்து நிற்கின்றன என்பதற்கான விடை அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. வேளாண்மையும், பூச்சிகளிலிருந்து பயிரைக் காப்பதும், தாவர நோய்த் தடுப்பும் மாநிலப் பட்டியலில் 14-ஆம் பதிவாக உள்ளன. வெளிநாட்டு வணிகமும் சுங்க எல்லையைக் கடக்கும் இறக்குமதி, ஏற்றுமதியும் மத்தியப் பட்டியலில் 41-ஆம் பதிவு. மனிதர், விலங்கு, தாவரம் ஆகியவற்றைத் தாக்கும் தொற்று நோய்களும் பீடைகளும் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலில் 29-ஆம் பதிவு.

ஆக, ஒரே பூச்சி கப்பலில் வரும்போது மத்திய அரசின் பொறுப்பு; வயலில் இறங்கியதும் மாநிலத்தின் பொறுப்பு; லாரியேறி அடுத்த மாநிலத்துக்குப் புறப்பட்டால் இருவரின் பொறுப்பும். இருவருக்கும் பொதுவான இந்த மூன்றாவது கட்டம்தான் நடைமுறையில் மிகவும் பலவீனமாக இருக்கிறது.

துறைமுகத்தில்

இறக்குமதியை இன்று நெறிப்படுத்துவது, 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்பட்ட 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை. எந்த நாட்டிலிருந்து எந்தச் செடி, விதை, பழம், தானியம், மரம் வரலாம், எதை அறவே கொண்டுவரக் கூடாது, எதற்கு என்ன நிபந்தனை என்பதை அதன் அட்டவணைகள் சொல்கின்றன. அட்டவணையில் இல்லாத பொருளானால் முதலில் ஆபத்து மதிப்பீடு நடக்கும்: அந்த நாட்டில் அந்தப் பயிரைத் தாக்கும் பூச்சிகள் எவை, அவற்றில் இந்தியாவில் இல்லாதவை எவை, அவை இங்கே வந்தால் பிழைத்துப் பெருகுமா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள்.

சென்னைத் துறைமுகத்துக்கு வெளிநாட்டிலிருந்து காய்கறி விதை வருவதாக வைத்துக்கொள்ளலாம். இறக்குமதி செய்பவர் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அனுப்பும் நாட்டின் தாவரப் பாதுகாப்பு அமைப்பு, இந்தியா கேட்ட நோய்கள் அந்த விதையில் இல்லை என்று உறுதிகூறித் தாவர நலச் சான்றிதழ் கொடுத்திருக்க வேண்டும். சரக்கு வந்ததும் தனிமைப்படுத்தல் நிலையத்தின் அதிகாரி மூட்டைகளிலிருந்து மாதிரி எடுப்பார். முதலில் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பூச்சி, முட்டை, களைவிதை, மண் துணுக்கு இருக்கின்றனவா என்று பார்ப்பார். பிறகு மாதிரி விதைகளை ஈரமான மையொற்றுத் தாளில் வரிசையாகப் பரப்பி, மூடிய தட்டில் சில நாட்கள் வைப்பார்கள். விதைக்குள் பூஞ்சை ஒளிந்திருந்தால் அது வெளியே வளர்ந்து நுண்ணோக்கியில் தெரிந்துவிடும். குறை கண்டால் புகைமூட்டலோ, திருப்பி அனுப்புதலோ, எரித்து அழித்தலோ நடக்கும். குறை இல்லையென்றால் விடுவிப்பு ஆணை வரும். அது கைக்கு வந்த பின்பே சுங்கத் துறை சரக்கை வெளியே விடும். சுங்கம், தாவரத் தனிமைப்படுத்தல், உணவுப் பாதுகாப்பு ஆகிய துறைகளின் அனுமதிகளை ஒரே இணையச் சாளரத்தில் பெறும் வசதி 2016-இல் வந்தபின் இந்தக் கைமாற்றம் சற்று எளிதாகியிருக்கிறது.

நடுவதற்கான செடிகளுக்கும் குச்சிகளுக்கும் காவல் இத்துடன் முடிவதில்லை. சில வைரஸ் நோய்கள் செடி வளர்ந்த பிறகே வெளிப்படும் என்பதால், அவற்றைத் தனியிடத்தில் குறித்த காலம் வளர்த்துப் பார்க்கவேண்டும். அந்தச் செடிகளைப் பார்வையிடும் பொறுப்பை வேளாண் பல்கலைக்கழகங்கள் போன்ற நிறுவனங்களின் அறிவியலாளர்களுக்கும் தருகிறார்கள். ஆராய்ச்சிக்காக வரும் விதைகளும் ரகங்களும் வேறு வழியில் செல்கின்றன: அவற்றுக்கு அனுமதி தருவதும் சோதிப்பதும் புதுதில்லியில் உள்ள தேசியத் தாவர மரபணு வளங்கள் பணியகம்.

சரக்கோடு வரும் மரப்பெட்டிக்கும் விதி உண்டு. மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடங்கள் சூடேற வேண்டும். அல்லது மெத்தில் புரோமைடு புகை ஏற்ற வேண்டும். அப்படிச் செய்ததற்கு அடையாளமாகக் கோதுமைக் கதிர் போட்ட முத்திரை பலகையில் இருக்கும். மரத்தைத் துளைக்கும் வண்டுகள் இயந்திரங்களும் கண்ணாடியும் வரும் பெட்டிகளில் ஏறி நாடு நாடாகப் பயணம் செய்தன என்பதால் வந்த சர்வதேச விதி இது.

மாநில எல்லையில்

துறைமுகத்தில் உள்ள அளவு கட்டுப்பாடு நாட்டுக்குள் இல்லை. நீலகிரி உருளைக்கிழங்கு இதற்குப் பழைய சாட்சி. 1961-இல் உதகை அருகே உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழு கண்டறியப்பட்டது. வேரில் கடுகை விடச் சிறிய பொன்னிற உருண்டைகளாக ஒட்டியிருக்கும் அதன் கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். மண்ணில் அவை பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கும். விதைக்கிழங்கில் ஒட்டிய மண்ணோடு அது வெளியூர் போய்விடும் என்பதால், நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோகத் தடை வந்தது. பின்னாளில் இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் பகுதிகளிலும் அந்தப் புழு தென்பட்டு, 2018-இல் அங்கிருந்தும் விதைக்கிழங்கு அனுப்ப மத்திய அரசு தடை விதித்தது.

இப்படி நாட்டுக்குள் நடமாட்டத் தடைக்கு உள்ளான பூச்சி, நோய்களின் பட்டியல் சிறியது. வாழையின் முடிக்கொத்து நோய், 1990-இல் கூடலூர்ப் பகுதியில் கண்டறியப்பட்ட காப்பிக்காய்த் துளைப்பான் போன்றவை அதில் உள்ளன. அண்மைக் காலத்தில் வந்த பூச்சிகளின் வேகத்துக்கு அந்த நடைமுறை ஈடுகொடுக்கவில்லை. 2016-இல் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் தோன்றிய சுருள் வெள்ளை ஈ சில ஆண்டுகளில் கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று தென்னை உள்ள இடமெல்லாம் பரவியது. 2018-இல் கர்நாடகத்தில் தென்பட்ட அமெரிக்கப் படைப்புழு ஓரிரு ஆண்டுகளில் நாட்டின் மக்காச்சோளப் பரப்பு முழுவதையும் எட்டியது. படைப்புழுவின் அந்துப்பூச்சி தானே வெகுதூரம் பறக்கக்கூடியது; அதைச் சோதனைச் சாவடியில் நிறுத்த முடியாது. வெள்ளை ஈயின் கதை வேறு. அது பெரும்பாலும் தென்னங்கன்றோடும் அலங்காரச் செடிகளோடும் வண்டியேறிச் செல்கிறது. நாற்றுப் பண்ணையிலேயே கண்காணிப்பு இருந்திருந்தால் அதன் வேகம் குறைந்திருக்கும்.

மரவள்ளியில் கைகூடிய ஒத்துழைப்பு

துறைகள் ஒன்று சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மரவள்ளி மாவுப்பூச்சி நல்ல எடுத்துக்காட்டு. தென் அமெரிக்காவில் தோன்றிய இந்தப் பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, மரவள்ளியை நம்பி வாழ்ந்த மக்களைப் பட்டினியின் விளிம்புக்குத் தள்ளியது. 2008-இல் தாய்லாந்து, 2020-இல் கேரளத்தின் திருச்சூர் என்று வந்து, அடுத்து சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களின் மரவள்ளிக் காடுகளில் இறங்கியது. செடியின் நுனிக்குருத்தில் வெள்ளை மாவு படிந்தது போல் பூச்சிகள் அப்பிக்கொள்ளும். இலைகள் சுருண்டு கொத்தாகிவிடும். கணுக்களுக்கு இடையே தண்டு நீளாமல் குறுகி முறுக்கிக்கொள்ளும். சேகோ ஆலைகளுக்குப் போக வேண்டிய கிழங்கு மண்ணுக்குள் பருக்காமல் நின்றுவிடும். உடலை மூடிய மெழுகுப் பூச்சால் மருந்து எளிதில் உள்ளே இறங்காது. ஒரு காட்டிலிருந்து எடுத்த விதைக்குச்சியோடு பூச்சி அடுத்த காட்டுக்குப் போய்விடும்.

ஆப்பிரிக்காவில் இந்தப் பூச்சியை வென்றது ஒரு சிறு குளவி. அனகைரஸ் லோபெசி என்னும் அந்த ஒட்டுண்ணிக் குளவியின் நீளம் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. பெண் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். பூச்சியின் வெற்றுத்தோல் பழுப்பு நிறக் கூடாக இறுகும். அதில் துளையிட்டுப் புதிய குளவி வெளியே வரும். இந்தக் குளவியை ஆப்பிரிக்க நாடுகளில் பரப்பிய பணிக்குத் தலைமை ஏற்ற சுவிட்சர்லாந்து அறிவியலாளர் ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

அந்தக் குளவியை இந்தியாவுக்குக் கொண்டுவர ஒரு துறையால் மட்டும் முடிந்திருக்காது. உயிருள்ள வெளிநாட்டுப் பூச்சி என்பதால் 2003-ஆம் ஆண்டு ஆணையின்படி மத்திய இயக்குநரகத்தின் அனுமதி தேவை. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம், மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் உள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2021-இல் குளவிகளை வரவழைத்தது. மூடிய தனிமைப்படுத்தல் கூடத்தில் வைத்து, அவை நன்மை செய்யும் பூச்சிகளைத் தொடுமா என்று சோதித்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் 2022 மார்ச் 7-ஆம் நாள் குளவிகள் விடப்பட்டன. பிறகு அவற்றைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுக்கும் பணி பல்கலைக்கழகம், தோட்டக்கலைத் துறை, வேளாண் அறிவியல் நிலையங்கள் எனப் பலர் தோளிலும் ஏறியது.

இதற்கு முன்னோடியும் தமிழ்நாட்டிலேயே உண்டு. 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று பல பயிர்களைத் தாக்கியது. அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் வந்து 2010-இல் வயலில் விடப்பட்ட பிறகே அது அடங்கியது. இரண்டு முறையும் மருந்தால் ஆகாததைக் குளவி செய்தது. இரண்டு முறையும் பூச்சியைக் கண்டறிந்ததற்கும் குளவி வயலுக்கு வந்ததற்கும் இடையே சுமார் இரண்டு ஆண்டுகள் கடந்தன. அந்த இரண்டு ஆண்டுகளின் இழப்பை விவசாயிதான் சுமந்தார்.

வெட்டுக்கிளியும் மாம்பழமும்

அண்டை நாட்டோடு சேர்ந்து செய்தாலொழிய முடியாத வேலைகளும் உண்டு. பாலைவன வெட்டுக்கிளிக்காக 1939-இலேயே தனி எச்சரிக்கை அமைப்பு ஏற்பட்டது. இன்று ஜோத்பூரை மையமாகக் கொண்டு ராஜஸ்தான், குஜராத் பாலைநிலங்களை அது கண்காணிக்கிறது. வெட்டுக்கிளிப் பருவத்தில் இந்திய, பாகிஸ்தான் அதிகாரிகள் எல்லையில் சந்தித்துத் தகவல் பரிமாறிக்கொள்ளும் வழக்கம், இரு நாட்டு உறவு கெட்ட காலங்களிலும் தொடர்ந்திருக்கிறது. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கூட்டம் ஒரே நாளில் 35,000 பேர் உண்ணும் அளவு பயிரைத் தின்றுவிடும். 2020-இல் கூட்டங்கள் பாலைவனத்தைத் தாண்டி மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரம் வரை வந்தபோது, மாநில வேளாண் துறைகளும் மாவட்ட நிர்வாகங்களும் தீயணைப்பு வண்டிகளும் களத்தில் இறங்கின. டிரோனில் மருந்து தெளிக்க விமானப் போக்குவரத்து அமைச்சகம் தனி அனுமதி தந்தது.

ஏற்றுமதியிலும் இதே நிலைதான். இந்திய மாம்பழங்களில் பழ ஈக்களைக் கண்டதால் ஐரோப்பிய ஒன்றியம் 2014 மே மாதம் மாம்பழத்துக்கும், கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேம்பு ஆகியவற்றுக்கும் தடை விதித்தது. அபீடா என்னும் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் ஒப்புதல் அளித்த பேக்கிங் கூடங்கள் வழியாகவே சரக்கு போகவேண்டும், அங்கேயே தனிமைப்படுத்தல் அதிகாரி சோதிக்கவேண்டும், பழத்துக்கு வெந்நீர் அல்லது நீராவிச் சூடு கொடுக்க வேண்டும் என்று நடைமுறை இறுக்கப்பட்டது. 2015 தொடக்கத்தில் மாம்பழத் தடை நீங்கியது. அமெரிக்காவுக்கு 2007 முதல் போகும் மாம்பழம் கதிர்வீச்சு ஏற்றப்பட்டுச் செல்கிறது. அதில் அணுசக்தித் துறையின் பங்கும் சேர்ந்துவிடுகிறது.

மருந்துச் சட்டம் நிற்கும் இடம்

புதிய பூச்சி வந்ததும் விவசாயி கேட்கும் முதல் கேள்வி, என்ன மருந்து அடிப்பது என்பதே. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, ஒவ்வொரு மருந்தும் எந்தப் பயிரில் எந்தப் பூச்சிக்கு என்று மத்தியப் பதிவுக் குழுவிடம் பதிவு பெற வேண்டும். நேற்று வரை நாட்டில் இல்லாத பூச்சிக்குப் பதிவு பெற்ற மருந்து இருக்காது. தற்காலிகப் பரிந்துரை வரும்வரை கடைக்காரர் கொடுப்பதை அடிப்பதுதான் வயலில் நடக்கிறது. ஒரு மருந்தால் தீங்கு என்று மாநில அரசு கருதினால், இந்தச் சட்டப்படி அதன் விற்பனையை 60 நாட்களுக்கு நிறுத்தி வைக்கலாம். நிரந்தரத் தடை மத்திய அரசின் கையில் இருக்கிறது. புதிய பூச்சியின் மாதிரியை வெளிநாட்டு நிபுணருக்கு அனுப்ப வேண்டுமானால், 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின் விதிகளும் குறுக்கே வரும். ஒவ்வொரு விதிக்கும் தக்க காரணம் உண்டு. அவசரக் காலத்தில் இவை அனைத்தையும் ஒரே நேரத்தில் முடுக்கிவிடும் அதிகாரம் எவரிடமும் இல்லாததே குறை.

ஒரே குடைக்கான முயற்சி

இந்தக் குறையை அரசு அறியாமல் இல்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் வேளாண் உயிரிப் பாதுகாப்புக்கு ஒருங்கிணைந்த ஏற்பாடு வேண்டும் என்று வலியுறுத்தியது. 2013-இல் வேளாண் உயிரிப் பாதுகாப்பு மசோதா மக்களவையில் அறிமுகமானது. 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தையும், 1898-ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டத்தையும் நீக்கிவிட்டு, தாவரம், விலங்கு இரண்டுக்கும் சேர்த்து ஒரு தேசிய ஆணையம் அமைப்பது அதன் நோக்கம். 2014-இல் மக்களவை கலைந்தபோது மசோதா காலாவதியானது.

மற்ற நாடுகள் வெவ்வேறு வழிகளில் இதைத் தீர்த்திருக்கின்றன. ஆஸ்திரேலியா 1908-ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் சட்டத்தை மாற்றி 2015-இல் புதிய உயிரிப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 2005 முதல், அங்கே மத்திய அரசும் மாநிலங்களும் விவசாய அமைப்புகளும் ஓர் ஒப்பந்தத்தால் கட்டுண்டிருக்கின்றன. புதிய பூச்சி வந்தால் யார் என்ன செய்வது, செலவை எந்த விகிதத்தில் பகிர்வது என்பது அதில் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. பயிரை அழிக்க நேர்ந்தால் விவசாயிக்கு ஈடு உண்டு என்பதால் அவர் பூச்சியை மறைக்காமல் முதல் ஆளாக வந்து சொல்கிறார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, நாற்றுப் பண்ணையிலிருந்து புறப்படும் நடவுச்செடிகளோடு 'தாவரக் கடவுச்சீட்டு' செல்கிறது. நோய் கண்டால் அந்தச் செடி எங்கே பிறந்து எங்கெங்கே போனது என்று தடம் பிடிக்கலாம். இலங்கை 1999-இல் தாவரப் பாதுகாப்புக்குப் புதிய சட்டம் இயற்றியது. ஒற்றை ஆட்சி முறை என்பதால் மத்திய, மாநிலப் பிரிவினைச் சிக்கல் அங்கே இந்தியாவில் உள்ள அளவு இல்லை.

இந்தியாவில் மாநிலங்களின் அதிகாரத்தைப் பறித்துத்தான் ஒருங்கிணைப்பைக் கொண்டுவர வேண்டும் என்பதில்லை. வயலை அறிந்தவர்கள் மாநிலத் துறையின் அலுவலர்களும் பல்கலைக்கழக அறிவியலாளர்களுமே. 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தேசியப் பூச்சிக் கண்காணிப்புச் செயலியில், விவசாயி கைப்பேசியில் எடுக்கும் படமே பூச்சியை அடையாளம் காட்ட உதவுகிறது. தகவல் வேகமாக வரும் வழி பிறந்துவிட்டது. தகவல் வந்தபின் நடக்க வேண்டியவைதான் மிச்சம். புதிய பூச்சி உறுதியானால் எத்தனை நாட்களுக்குள் அண்டை மாநிலங்களுக்குச் சொல்ல வேண்டும், நடவுப் பொருளின் நடமாட்டத்தை யார் நிறுத்துவது, இயற்கை எதிரியை வரவழைக்கும் அனுமதியை எவ்வளவு விரைவில் தருவது, அழிக்கப்படும் பயிருக்கு யார் ஈடு கொடுப்பது ஆகிய நான்குக்கும் எழுத்தில் விடை வேண்டும். நாற்றுப் பண்ணைகளுக்குக் கட்டாயச் சான்று வேண்டும். பூச்சி வருவதற்கு முன்பே இவை முடிவாகியிருந்தால், மரவள்ளி விவசாயி காத்திருந்த இரண்டு ஆண்டுகள் அடுத்த பயிருக்குச் சில மாதங்களாகச் சுருங்கும்.